இருட்டறையைப் பொதுவில் வைத்தவர்கள்

அமெச்சூர் ஒளிப்படக் கழகங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவை தந்த படங்களையே கணக்கெடுக்கிறார்கள். யார் எந்தக் கண்காட்சியில் பதக்கம் வாங்கினார், எந்தப் படம் எந்த நாட்டுச் சுவரில் ஏறியது என்று அந்த வரலாறு நீள்கிறது. அது பிழையான வரலாறு அல்ல, ஆனால் முக்கியமான ஒன்றை விட்டுவிடுகிறது. ஒளிப்படம் பிறந்த நாளிலிருந்தே அது ஒருவருடைய தொழில் ரகசியமா, எல்லோரும் கற்றுக்கொள்ளக்கூடிய வித்தையா என்ற வழக்கு நடந்துவருகிறது. அந்த வழக்கில் வித்தையின் பக்கம் நின்றவை படக் கழகங்கள்தான் என்பதே என் வாதம். சம்பளம் வாங்காமல் படம் எடுத்த மனிதர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கலவை அளவுகளையும் பிசகிய படங்களையும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டதால்தான் இந்தக் கைவினை பரவியது. திருப்பூர் ராயபுரம் போல வீடும் பனியன் கம்பெனியும் ஒரே தெருவைப் பகிர்ந்துகொள்ளும் இடத்திலிருந்து பார்த்தால் இந்த வரலாறு இன்னும் நெருக்கமாகிறது. தொழிலைப் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்ட ஊர் அது.

தொடக்கம் ஓர் உப்பு. துணியை பிளீச்சிங் பவுடரில் வெளுத்த பிறகு நூலில் தங்கிவிடும் குளோரினை நீக்கச் சலவைப் பட்டறைக்காரர்கள் ஹைப்போ என்ற அந்த உப்பைப் போட்டு அலசுவார்கள். அதே ஹைப்போதான் இருட்டறையில் படத்தை நிலைநிறுத்துகிறது. ஒளி படாத வெள்ளி உப்புகளை அது கரைத்து வெளியேற்றிவிடுவதால்தான் படம் பிறகு கறுத்துப்போகாமல் நிற்கிறது. வெள்ளி உப்புகளை ஹைப்போ கரைக்கும் என்று 1819-இல் கண்டறிந்தவர் ஜான் ஹெர்ஷல். 1839-இல் ஒளிப்படம் அறிவிக்கப்பட்டபோது அந்தச் செய்தியை அவர் யாரிடமும் விலை பேசவில்லை, எல்லோரிடமும் சொன்னார். மற்றவர்கள் அப்படி இருக்கவில்லை. டாகேர் என்ற பிரெஞ்சுக்காரரின் ஒளிப்பட முறையைப் பிரெஞ்சு அரசு 1839 ஆகஸ்ட் 19 அன்று உலகத்துக்குப் பொதுவாக்கியது, ஆனால் அதற்கு ஐந்து நாள் முன்பே இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போயிருந்தது. இங்கிலாந்தின் டால்பாட் தன் காகித நெகட்டிவ் முறையை 1841-இல் காப்புரிமைக்குள் பூட்டினார். பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1851 மார்ச்சில், ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற சிற்பி கண்ணாடியில் கொலோடியன் பூசும் முறையைக் காப்புரிமை எதுவும் கேட்காமல் ஒரு வேதியியல் இதழில் வெளியிட்டார். உலகமே அதை எடுத்துக்கொண்டது, அவரோ 1857-இல் வறுமையில் இறந்தார். இந்த நிகழ்ச்சிகளுக்கு நடுவில் நான் முக்கியமாகக் கருதுவது 1852-ஐ. அந்த ஆண்டு டால்பாட், காசு வாங்கி முகப்படம் எடுப்பவர்களை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லோருக்கும் தன் உரிமையைத் தளர்த்தினார். அடுத்த ஜனவரியிலேயே, 1853-இல், லண்டன் ஒளிப்படக் கழகம் பிறந்தது. பூட்டு திறந்ததும் கழகம் வந்ததைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. ரகசியம் இருக்கும்வரை கூட்டம் கூடிப் பேச எதுவும் இல்லை. கழகம் நடத்திய இதழில் முதலிலிருந்தே நிரம்பியிருந்தவை கலைப் பேச்சைவிட கலவை அளவுகளும், காகிதம் பக்குவப்படுத்தும் முறைகளும், தோற்றுப்போன சோதனைகளும்தான்.

மூன்று நான்கு ஆண்டுகளில் அந்தப் பழக்கம் இந்தியாவுக்கு வந்தது. பம்பாயில் 1854-இலும், கல்கத்தாவிலும் சென்னையிலும் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளிலும் கழகங்கள் எழுந்தன. சென்னைக் கழகத்தை அமைத்தவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். 1850-இல் அவர் தன் சொந்த முயற்சியில் தொடங்கி, பிறகு அரசு ஏற்றுக்கொண்ட கலைப்பள்ளிதான் இன்று சென்னையில் கவின்கலைக் கல்லூரியாக இருக்கிறது. ஆக, கழகத்தின் பின்னால் நின்றவர் அடிப்படையில் ஓர் ஆசிரியர். இந்தக் காலத்தின் பெரிய பெயரான லின்னேயஸ் ட்ரைப்பும் அமெச்சூராகவே தொடங்கினார். சென்னை ராணுவத்தின் 12-ஆம் காலாட்படைப் பிரிவு அதிகாரியான அவர் விடுப்பில் இங்கிலாந்து போயிருந்தபோது இந்த வித்தையைக் கற்று, லண்டன் கழகத்திலும் சேர்ந்தார். திரும்பி வந்து மைசூர்ப் பகுதிக் கோயில்களைப் படமெடுத்தார், அவற்றில் 68 படங்களை 1855 சென்னைக் கண்காட்சியில் வைத்து முதல் வகுப்புப் பதக்கம் பெற்றார். 1856-இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டார். நம் வெயிலில் ஈரக் கொலோடியன் கண்ணாடி எளிதில் உலர்ந்துவிடும், அதைப் பூசி, படமெடுத்து, ஈரம் போகும் முன் கழுவியும் விடவேண்டும். மெழுகிட்ட காகித நெகட்டிவுக்கு அந்த அவசரம் இல்லை. முன்கூட்டியே பக்குவம் செய்து வைத்துக்கொள்ளலாம், எடுத்த பின்பு கொஞ்சம் பொறுத்தும் கழுவலாம். வண்டியில் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு அது பெரிய வசதி. அரசுப் பணிக்காகப் போன அப்படியொரு பயணத்தில்தான் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 அச்சுகளாக எடுத்து ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக்கினார் ட்ரைப். கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்ஷ் அந்தக் கல்வெட்டுகளைப் பதிப்பித்து அச்சில் கொண்டுவரத் தொடங்கியது 1890-களில். ஆனால் ட்ரைப் அந்தப் படத்தை எடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆளுநர் ட்ரெவெலியன் இந்த வேலையை வீண்செலவு என்று முடிவுகட்ட, ட்ரைப்பின் பதவியே இல்லாமல் போயிற்று. அரசின் ஆர்வம் ஓர் ஆளுநரின் மனநிலையைப் பொறுத்திருந்தது. கழகத்தில் கற்ற கைகள் எந்த உத்தரவுக்கும் காத்திருக்கவேண்டியதில்லை.

இங்கே ஓர் எதிர்ப்பு நியாயமாகவே எழும். இந்தக் கழகங்கள் யாருக்குச் சொந்தம்? ராணுவ அதிகாரிகளும் அரசு மருத்துவர்களும் கூடிய வெள்ளைக்காரர் மன்றங்களை வித்தையைப் பொதுவாக்கியவை என்று எப்படிச் சொல்வது? கல்கத்தாவில் நடந்ததே இந்த எதிர்ப்புக்கு வலுவான சான்று. வங்காள ஒளிப்படக் கழகத்தில் பொறுப்பு வகித்த அறிஞர் ராஜேந்திரலால் மித்ரா 1857-இல் ஆங்கிலேய அவுரித் தோட்டக்காரர்களின் அட்டூழியத்தைப் பொதுமேடையில் கண்டித்தார். அதற்காகக் கழகம் அவரை நீக்கியது. சாயம் விளைவித்த உழவர்களுக்காகப் பேசியதால் ஒருவர் ஒளிப்படக் கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார் என்பதைச் சாய நீரில் வளர்ந்த ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாது. ஆகவே கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது என்று நான் சொல்லமாட்டேன். நான் சொல்வது வேறு. கதவை யார் காத்தாலும், உள்ளே நடந்த வேலை வெளியே கசிந்துகொண்டே இருந்தது. பம்பாய்க் கழகத்தில் பாவ் தாஜி, நாராயண் தாஜி என்ற இந்தியர்கள் இருந்தார்கள். அங்கே எல்ஃபின்ஸ்டன் கல்வி நிலையத்தில் 1855-இல் ஒளிப்பட வகுப்பு தொடங்கி, அதில் பயின்ற ஹரிச்சந்த் சிந்தாமன் தேர்ந்த படக்காரரானார். சென்னையில் ட்ரைப்போடு வேலை செய்த உதவியாளர் ஐயாசாமி ஹண்டரின் பள்ளியில் படித்தவர். நூல்களில் ட்ரைப்புக்கு அத்தியாயங்கள் உண்டு, ஐயாசாமிக்குக் கிடைப்பது ஒரு வரி. ஆனால் இருட்டறைக் கூடாரத்துக்குள் தட்டை ஆட்டிய கை ஒரு தமிழனுடையது. வித்தை ஒரு முறை கைக்கு வந்துவிட்டால் யாரும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. மித்ராவை நீக்கியவர்கள் அவருடைய உறுப்பினர் சீட்டைத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த எதிர்ப்பு ஸ்டுடியோக்களின் பக்கத்திலிருந்து வரும். தமிழ்நாட்டில் சிற்றூர் வரைக்கும் ஒளிப்படத்தைக் கொண்டுபோனவை கடைத்தெரு ஸ்டுடியோக்கள்தான், பையன்கள் அங்கே தரையைப் பெருக்கத் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் தட்டு கழுவி, ஒருநாள் கேமராவுக்குப் பின்னால் நின்றார்கள், கற்பித்தல் என்றால் இதுதானே என்பார்கள். இதில் பாதிக்கு மேல் உண்மை. திருமணமும் மரணமும் அந்தக் கைகளால்தான் பதிவாயின. நெகட்டிவின் மீது பென்சில் நுனியால் முகச் சுருக்கத்தை அழித்த அந்த நுணுக்கம் எந்த அமெச்சூருக்கும் வாய்த்ததில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் துணையோடு இயங்கும் ஸ்டார்ஸ் என்ற திட்டம் பழைய தமிழ் ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடிப்பிடித்து, பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணத் திட்டத்தில் மின்னுருவாக்கிச் சேர்த்திருப்பது அந்தக் கைவினையின் தகுதிக்குச் சாட்சி. ஆனால் ஸ்டுடியோ கற்பித்த விதத்தில் இரண்டு எல்லைகள் இருந்தன. வாடிக்கையாளர் கேட்டதற்கு மேல் ஒரு படம் எடுக்க அங்கே இடமில்லை, தோற்றுப்போன சோதனைக்கு யாரும் காசு தரமாட்டார்கள். இரண்டாவது, கலவை அளவு முதலாளியின் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. எதிர்க்கடைக்குத் தெரிந்தால் பிழைப்பு போய்விடும் என்பதால் பையனுக்கும் அது கடைசியில்தான் தெரியவரும். ஸ்டுடியோ மூடியபோது பல இடங்களில் அந்த அறிவும் மூடிப்போயிற்று, கண்ணாடி நெகட்டிவ்கள் சுரண்டப்பட்டுக் கண்ணாடியாகவே விலைபோயின. பிழைப்புக்காக வித்தையை மறைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிழைப்பு சார்ந்திராத ஒருவரால்தான் அதைத் தயக்கமில்லாமல் சொல்லிக்கொடுக்க முடிந்தது என்பது மட்டுமே இங்கே செய்தி. அமெச்சூர் என்ற நிலைக்கு வரலாற்றில் மதிப்பு அங்கிருந்துதான் வருகிறது.

விடுதலைக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் இந்தப் பகிர்வு சிக்கனத்தோடு சேர்ந்துகொண்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் வெளிநாட்டு பிலிமும் காகிதமும் அரிதாயின. நடுத்தர வீடுகளில் நுழைந்தது பரோடாவில் தயாரான அக்ஃபா க்ளிக் 3, ஒரு 120 சுருளுக்குப் பன்னிரண்டே படம். நம் பக்கத்து மலையில், உதகை அருகே, பிரெஞ்சுத் தொழில்நுட்ப உதவியோடு இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-இல் அமைக்கப்பட்டு, 1967-இல் உற்பத்தி தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் வந்த கறுப்பு வெள்ளைச் சுருள்தான் ஒரு தலைமுறையின் பாடப்புத்தகம். பெங்களூர் மருத்துவர் ஜி. தாமஸ் முன்னின்று 1953-இல் உருவாக்கிய இந்திய ஒளிப்படக் கூட்டமைப்பு ஊர்ஊராக இருந்த கழகங்களை இணைத்தது. இந்தக் கழகங்களில் என்ன கற்றுக்கொடுத்தார்கள்? முதலில், காசை மிச்சம் பிடிக்க. டி-76 என்ற கோடாக் டெவலப்பரைப் பொட்டலமாக வாங்காமல் நாமே கலக்கலாம்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். மெட்டாலைச் சல்ஃபைட்டுக்கு முன் கரைக்க வேண்டும், மாற்றிப் போட்டால் கரையாது. இந்த ஒரு வரிசையைச் சொல்லித்தர ஓர் ஆள் பக்கத்தில் இல்லாமல் எத்தனை கலவை வீணாகியிருக்கும்! அடுத்தது, வெயில். புத்தகம் எல்லாம் 20 டிகிரி என்றுதான் சொல்லும். சித்திரை மாதத்துக் குழாய்த் தண்ணீர் 30-ஐத் தாண்டினால் பிலிமின் ஜெலட்டின் இளகி, விளிம்பில் சுருங்கத் தொடங்கும். தட்டைச் சுற்றி ஐஸ் வைப்பது, படிகாரம் சேர்த்து ஜெலட்டினை இறுக்குவது, விடியற்காலையில் வேலையை முடிப்பது, கடினத் தண்ணீரில் சல்ஃபைட் சுண்ணாம்பாகப் படியாமலிருக்கக் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துவது என்று ஒரு பாடத்திட்டம் வெப்ப நாட்டுக் கழகங்களில் வாய்வழியாக வளர்ந்தது. என்லார்ஜர் ஒருவர் வாங்கும் பொருளாக அன்று இல்லை. பத்துப் பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, ஒரு குளியலறையைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டார்கள்.

தனியாக நின்று சாதித்தவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருந்தார்கள். காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணன் தன் கேமராவைத் தானே பாகம் பாகமாகச் சேர்த்து, யானையையும் காட்டையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார், எந்தக் கழகத்தின் பாணியும் அவரிடம் ஒட்டவில்லை. ஜி. டி. நாயுடு கோவையிலிருந்து கேமராவோடு உலகம் சுற்றினார். ஆனால் கிருஷ்ணனின் படங்களைக் காட்டலாமே தவிர, அவர் வழியை யாருக்கும் கற்றுக்கொடுக்க முடியாது. அதற்கு மாறாக, தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி. என். ஏ. பெருமாளைப் பாருங்கள். ஓ. சி. எட்வர்ட்ஸ் என்ற மூத்தவரிடம் காட்டுயிர்ப் படக்கலையைக் கற்றார். பிறகு தன் வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் பயின்றவர்கள் வழியாக ஒரு முழுப் பரம்பரையே எழுந்தது. மேதைக்குக் கழகம் தேவைப்படாமல் போகலாம். பரம்பரைக்குத் தேவை.

இப்போது திருப்பூருக்கு வருகிறேன். 1925-இல் குலாம் காதர் பேபி நிட்டிங் நிறுவனத்தைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊர் பின்னலாடையைக் கற்றுக்கொண்ட முறை பள்ளிக்கூட முறை அல்ல. பவர் டேபிளில் டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக் கொடுக்கும் கைமடிப் பையன், சாப்பாட்டு இடைவேளையில் மெஷினை ஓட்டிப் பார்த்து டெய்லராவான். கட்டிங் மாஸ்டரின் கையைப் பார்த்தே அடுத்த கட்டிங் மாஸ்டர் உருவாவார். ஷரத் சாரி 2004-இல் வெளியிட்ட தன் ஆய்வு நூலில், தொழிலாளியாக வந்தவர்கள் உழைப்பையும் உறவையும் முதலாக வைத்து முதலாளியான கதையை விரித்துக் காட்டியிருக்கிறார். இப்படிப்பட்ட ஊருக்குப் படக் கழகம் அந்நிய ஆடம்பரம் என்று நினைப்பது தவறு, ஏனென்றால் ஒளிப்படத்தின் அறிவில் பெரும்பகுதி ஏற்கெனவே இங்கே பட்டறைகளில் கிடக்கிறது. டீ-சர்ட் பிரிண்டிங் பட்டறையில் ஸ்கிரீன் போடுகிறவர் என்ன செய்கிறார்? வலைத்துணியை இழுத்துக் கட்டிய சட்டத்தில், மங்கலான மஞ்சள் வெளிச்சத்தில், எமல்ஷனைப் பூசிக் காயவைக்கிறார். டிசைன் பிலிமை மேலே வைத்து வெளிச்சம் காட்டுகிறார். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடுகிறது, படாத இடம் தண்ணீரில் கரைந்து டிசைனாகத் திறக்கிறது. இது அச்சு அசலாக ஒளிப்படம். டைக்ரோமேட் உப்புக்கு ஒளியுணர்வு உண்டென்று 1839-இல் மங்கோ பான்டனும், அது ஜெலட்டினை இறுக்கும் என்று 1852-இல் டால்பாட்டும் கண்டதன் நேர் வாரிசு. எத்தனை நிமிடம் காட்டினால் நுண்கோடு தங்கும், எவ்வளவு கூடினால் அடைத்துக்கொள்ளும் என்பதை அந்தத் தொழிலாளி கையால் அறிந்திருக்கிறார். (பழைய டைக்ரோமேட் கலவை உடலுக்குக் கேடு, டையசோ எமல்ஷன் பரவியது நல்லதுக்குத்தான்.) சாயப்பட்டறை லேபில் ஷேடு பார்க்கிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். லைட் பாக்ஸுக்குள் டி65 வெளிச்சத்திலும் டிஎல்84 வெளிச்சத்திலும் ஒரே துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பகலில் ஒத்துப்போகும் நிறம் கடை விளக்கில் ஏன் விலகுகிறது என்று சொல்வார்கள். கேமராவில் ஒயிட் பேலன்ஸ் என்ற பெயரில் ஒரு பட்டனுக்குள் அடங்கியிருப்பது இதே அறிவுதான். கழகம் செய்ய வேண்டியதெல்லாம் ஸ்கிரீன்காரரையும் லேப்காரரையும் போனில் படமெடுக்கும் செக்கிங் பெண்ணையும் ஒரே அறையில் உட்காரவைப்பது.

அப்படி உட்கார்ந்தால் பேச ஊருக்கே உரிய சிக்கல்கள் நிறைய உண்டு. வெள்ளை பனியனை வெள்ளை மேசையில் வைத்து எடுத்தால் படம் சாம்பலாக வரும். கேமராவின் மீட்டர் எதைக் கண்டாலும் நடுச்சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், ஆகவே ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டித்தான் வெள்ளையை வெள்ளையாக்க வேண்டும். அப்படியும் துணி லேசாக நீலம் பூத்துத் தெரியலாம், ஏனெனில் வெளுப்பில் சேர்க்கும் ஒளியூட்டி ரசாயனம் புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக உமிழ்கிறது. சோக் வைத்த பழைய டியூப்லைட் வரிசைக்குக் கீழே எடுத்தால் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த விளக்கு நொடிக்கு நூறு முறை ஏறி இறங்குகிறது, ஷட்டரை நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கோ நூறில் ஒரு பங்குக்கோ கொண்டுவந்தால் கோடு மறையும். இதெல்லாம் யூடியூபில் கிடைக்கிறதே, போனே பாதியைத் தானாகச் செய்கிறதே, கழகம் எதற்கு என்பது இன்றைய எதிர்ப்பு. அளவுகளையும் எண்களையும் பொறுத்தவரை அந்த எதிர்ப்பை முழுக்க ஏற்கிறேன். கலவைச் சூத்திரத்துக்காக இனி யாரும் யார் வீட்டுக்கும் போகவேண்டியதில்லை. ஆனால் கழகம் கொடுத்தது சூத்திரம் மட்டுமல்ல. 1850-களிலிருந்து அதன் நடுப்பகுதியில் இருந்தது, எடுத்த படத்தை மேசைமேல் வைத்து மற்றவர்கள் சொல்வதைக் கேட்கும் பழக்கம். லண்டனில் 1855-இலேயே அச்சுகளை உறுப்பினர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் ஒரு கழகம் இருந்தது. தபாலில் சுற்றும் ஆல்பத்தில் ஒவ்வொருவரும் அடுத்தவர் படத்தைப் பற்றிக் குறிப்பெழுதி அனுப்பும் முறை பிறகு பல நாடுகளில் பரவியது. போன் விருப்பக்குறி தரும். 'இந்தப் படத்தில் கை எங்கே வெட்டுப்படுகிறது பார், தையல் போடுகிற விரல்தானே விஷயம்' என்று அது சொல்லாது. வீடியோ பாடம் யாரோ எடுத்த படத்தைப் பற்றிப் பேசும், உன் படத்தைப் பற்றிப் பேசாது. கைமடிப் பையனின் தையல் கோணினால் பக்கத்திலிருந்த டெய்லர் உடனே தடுப்பார், அந்தத் தடுப்பில்தான் கற்றல் இருந்தது.

படக் கழகங்களின் மேல் எனக்கே உள்ள குறையை இங்கே சொல்லியாக வேண்டும். சலோன் போட்டிகளும் மதிப்பெண்களும் வந்த பிறகு, கற்பித்தல் மெல்ல பதக்க வேட்டைக்கு இடம்கொடுத்தது. சர்வதேச ஒளிப்படக் கூட்டமைப்பின் பட்டங்களுக்கு இத்தனை ஏற்புகள் தேவை என்ற கணக்கு வந்ததும், ஏற்கப்படும் படம் எது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது: சுருக்கம் விழுந்த கிழவர் முகம், விடியல் மூடுபனியில் ஆட்டு மந்தை, வலை வீசும் மீனவர், சாணி மெழுகிய வாசலில் பாட்டி. தமிழ்நாட்டின் பாதி ஊர்கள் ஆலையும் பட்டறையுமாக மாறிய பிறகும் கழகப் படங்களில் அவை தலைகாட்டவில்லை. திருப்பூரின் நொய்யல் ஆறு சாயமாக ஓடியதும், 2011-இல் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் ஒரேயடியாக மூடப்பட்டதும் பத்திரிகைப் படக்காரர்களின் வேலை என்று விடப்பட்டன. இது அமெச்சூர் கழகத்தின் இயல்பு என்று சிலர் முடிவுகட்டுவார்கள், ஓய்வுநேரக் கலை அழகைத்தான் தேடும் என்று. வரலாறு அதை ஒத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்தில் பெஞ்சமின் ஸ்டோன் 1897-இல் தொடங்கிய தேசியப் படப்பதிவுச் சங்கம், தங்கள் ஊரின் கட்டடங்களையும் வழக்கங்களையும் எடுத்து ஆவணமாக்க அமெச்சூர்களைத்தான் திரட்டியது. ஜெர்மனியில் 1926-இல் தொழிலாளர்களே தங்களுக்கென ஒளிப்படச் சங்கமும் இதழும் அமைத்தார்கள். 1933-இல் நாஜி ஆட்சி வந்ததும் அந்த இயக்கம் முடிந்தது. நியூயார்க்கில் 1936-இல் உருவான போட்டோ லீக், கூலி வேலைக்காரர்களுக்கும் எட்டும் கட்டணத்தில் இருட்டறையும் பள்ளியும் நடத்தி, தெருத்தெருவாகத் தங்கள் நகரத்தைப் பதிவு செய்தது. 1947-இல் அமெரிக்க அரசு அதைத் துரோகப் பட்டியலில் சேர்த்தது, 1951-இல் அது கலைந்தது. அரசுகள் அஞ்சும் அளவுக்கு அமெச்சூர் கேமரா பார்க்கத் தெரிந்துகொண்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

பன்னிரண்டு மணி நேரம், ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்குப் படமெடுக்க நேரம் ஏது, கம்பெனிக்குள் கேமராவை யார் விடுவார்கள் என்ற கடைசி எதிர்ப்புதான் எல்லாவற்றிலும் கனமானது. பையரின் டிசைன் வெளியே போய்விடும் என்று ஏற்றுமதி கம்பெனிகள் பொதுவாகப் படமெடுக்க அனுமதிப்பதில்லை, அதில் நியாயமும் உண்டு, மறைப்பும் உண்டு. பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது இன்னொரு வேலைநாள். இவற்றைக் கழகம் தீர்க்காது. ஆனாலும் ராயபுரத்தில் படமெடுக்க வேண்டியதில் பெரும்பகுதி கம்பெனிச் சுவருக்கு வெளியேதான் நடக்கிறது: வீட்டு வாசலில் பிசிறு வெட்டுவது, ஜாப் ஒர்க்குக்காகத் துணி மூட்டை ஏறி இறங்குவது, சனிக்கிழமைச் சம்பளத்துக்குப் பிந்தைய கடைத்தெரு, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களின் அறைகள். லூயிஸ் ஹைன் என்ற பள்ளி ஆசிரியரை இங்கே நினைக்கிறேன். நியூயார்க்கில் மாணவர்களுக்குக் கேமரா கிளப் நடத்தியவர். பின்னாளில் பெரும் படக்காரரான பால் ஸ்ட்ராண்ட் அவரிடம் படித்தவர். அதே ஹைன்தான் 1908-இலிருந்து பருத்தி ஆலைகளில் வேலை செய்த குழந்தைகளை எடுத்தார். அவர் இறந்த பின் அவருடைய படங்கள் போட்டோ லீக்கிடம்தான் வந்து சேர்ந்தன. ஹைன் படத்தோடு நிறுத்தவில்லை. குழந்தையின் பெயர், வயது, எந்த ஆலை, என்ன வேலை என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பெழுதினார், உயரத்தைத் தன் கோட்டுப் பொத்தானோடு ஒப்பிட்டு அளந்தார். அந்தக் குறிப்புகள் இருந்ததால்தான் படங்கள் சட்டம் பேசுகிற இடத்தில் சான்றாக நின்றன. நம் கழகங்கள் அபெர்ச்சரும் ஷட்டரும் எண்ணாக எழுதவைக்கும், படத்திலிருப்பவர் யார் என்று எழுதவைப்பதில்லை. ஸ்டுடியோ படங்களைத் தேடித் திரட்டுகிறவர்களின் பெரிய இடரும் இதுதான், முகம் தெளிவாக இருக்கிறது, பெயர் இல்லை. ராயபுரத்தில் ஒரு கழகம் கூடினால் முதல் பாடமாக நான் வைப்பது இதையே: படத்துக்குக் கீழே, கேட்டு, சம்மதம் வாங்கி, பெயரும் நாளும் மெஷினின் பெயரும் எழுதுவது. பவர் டேபிளுக்குப் பக்கத்தில் கைமடித்தவர்கள் வேறு வேலைக்குப் போவதற்குள், மெஷின்கள் மாறுவதற்குள், அதைத் தொடங்க வேண்டும்.